முழுத்திறப்பார் எடுத்த சுவர் படம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். பாவம், விவரம் பத்தாதவர்கள். நெருப்பு சுடும். சக்கரம் ஏறினால் நசுக்கும். யாரையும் சுடாமல், யாரையும் நசுக்காமல், சம்பந்தப்பட்ட எல்லோரையும் நிம்மதியாகத் தூங்கவைக்கும் கண்டுபிடிப்பு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் மங்கல்.

ஆண்டவன் கொடுத்த கண்ணில் ஒரு பெரிய குறை இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவது ஒன்று தெரிந்து தொலைக்கும். கூரையில் ஈரம் தெரியும். குழாயில் துரு தெரியும். அதிகாரியின் நாற்காலி காலியாக இருப்பது தெரியும். இந்தக் குறையைப் போக்கத்தான் கண்ணாடி அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்விழித்து, வாய் அகன்ற ஒரு லென்ஸைச் செய்து வைத்தார்கள். அதை முழுதாகத் திறந்து கிட்டத்தில் படம் எடுத்தால் ஒரு கோடு கனத்துக்கு மட்டும்தான் தெளிவு. அதற்கு முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, பக்கத்து வீடு, பக்கத்துத் தெரு எல்லாம் வெண்ணெயாய்க் கரைந்துவிடும். கரைந்துபோனது யாரை உறுத்தும்?

இந்த மகத்தான கருவியை மக்கள் சேவையில் முதன்முதலாகப் புகுத்திய பெருமை நம் கதாநாயகரைச் சேரும். குடியிருப்புப் பராமரிப்பு வாரியத்தின் படப்பிரிவுக்கு அவர்தான் தலைவர். பிரிவில் அவர் ஒருவர்தான் என்பதால் தொண்டரும் அவரே. வாரியத்துக்குச் சொந்தமான அடுக்கு வீடுகளில் எது ஒழுகுகிறது, எது உதிர்கிறது, எது சாய்கிறது என்று நேரில் போய்ப் படம் எடுத்து வருவது அவர் உத்தியோகம். அந்தப் படத்தைக் கூட்டத்தில் வைத்துப் பார்த்துத்தான் பழுது பார்ப்பதா வேண்டாமா என்று வாரியம் முடிவு செய்யும். குடியிருப்பவர் வாய்ச்சொல் செல்லாது. படம்தான் பேச வேண்டும். விதி அப்படி.

முதலில் வாரியம் கொடுத்த சின்ன கேமராவைத்தான் வைத்திருந்தார். அதற்கு நாசூக்கு என்பதே தெரியாது. பொத்தானை அழுத்தினால் முன்னால், பின்னால், ஓரம், சாரம் என்று சகலத்தையும் போட்டு உடைத்துவிடும். ஒழுகுகிற குழாயைக் கேட்டால் அதன் பக்கத்தில் பாசி பிடித்த சுவரையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட கோள்சொல்லிக் கேமராவோடு அவர் பல காலம் குடும்பம் நடத்தினார்.

ஞானம் வந்தது பல்வலி ரூபத்தில். பல் டாக்டரின் அறைச் சுவரெல்லாம் படங்கள். ஒரு படத்தில் ஒரு கடைவாய்ப் பல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரரைக் காணோம். அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பன்னீர் ரோஜா நிறப் புகை.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர், கையில் குறடோடு. "ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதுல இருக்கிறதுலயே பெரிய வாய் உள்ள லென்ஸ். முழுசாத் திறந்து எடுத்தது. வாயை நல்லாத் திறங்க. பல்லுக்கும் சரி, லென்ஸுக்கும் சரி, பாதி திறக்கிறவன் கோழை."

"ஆ," என்றார் நம்மவர். வேறு எதுவும் சொல்லும் நிலையில் அவர் இல்லை. டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பல் போனது. பின்னாலேயே ஸ்கூட்டரும் போனது. ஸ்கூட்டர் விற்ற காசில் அந்தக் கேமராவும் லென்ஸும் வந்தன. கேமரா சோப்புப் பெட்டி அளவு. லென்ஸ் சோற்றுப்பானை அளவு. கழுத்தில் மாட்டினால் ஆள் கொஞ்சம் முன்னால் சாய்வார். பார்ப்பவர்கள் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரின் கட்டமைப்பை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னல் நடுவே ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும்; லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் அந்தப் பொருளுக்குத் தெளிவு கூடிவிட்டது என்று அர்த்தம். ஜன்னல் தனி, லென்ஸ் தனி. இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பின்பக்கம் திரையும் கிடையாது. என்ன விழுந்தது என்பது ஃபிலிம் ரோல் முடிந்து, கழுவி, அச்சடித்த பிறகுதான் தெரியும்.

ஞாயிறு காலைகளில் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் "முழுத்திறப்பு வட்டம்" கூடும். வட்டத்துக்குக் கொள்கை ஒன்றுதான்: லென்ஸின் திறப்பைச் சுருக்கவே கூடாது. வெயிலில் என்ன செய்வது என்று புதியவர் யாராவது கேட்பார்கள். அதற்கு லென்ஸின் முகத்தில் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்று வண்டியை விற்றுப் பெரிய லென்ஸ் வாங்குவது, பிறகு வெளிச்சம் அதிகம் என்று அதற்குக் கருப்புக் கண்ணாடி போடுவது. இதில் முரண்பாடு இருப்பதாக நினைப்பவர்களுக்கு வட்டத்தில் இடமில்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் மலைக்காட்சி ஒன்றை எடுக்கும்போது லென்ஸ் வளையத்தைத் திருகி, திறப்பை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கிவிட்டார்; எண் ஏற ஏற வாய் குறுகும், தெளிவு கூடும். மலை தெரிந்தது. மரம் தெரிந்தது. மலைமேல் இருந்த ஆடுகள் வரைக்கும் தெரிந்தது. வட்டம் அவரை மறுவாரமே நீக்கியது. "ஆடு தெரியற அளவுக்கு எறங்கிட்டீங்களே" என்று டாக்டர் கண்கலங்கினார். இன்னொருவர் லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்து ஒரு ரோல் முழுக்க எடுத்துவிட்டார். ஜன்னல் தனி என்பதால் மூடி போட்டிருந்தாலும் எல்லாம் தெரியும். எடுப்பவருக்குச் சந்தேகமே வராது. ரேஞ்ச்ஃபைண்டர்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கும் விபத்து அது. அந்த முழுக் கருப்புப் படங்களுக்கு வட்டம் எழுந்து நின்று மரியாதை செய்தது.

நம்மவர் ஒரு படி மேலே போனார். திறப்பு வளையம் தப்பித் தவறிக்கூட நகரக்கூடாது என்று அதன்மேல் டேப் சுற்றி ஒட்டிவிட்டார். அன்றுமுதல் அவருக்கு "முழுத்திறப்பார்" என்று பெயர் நிலைத்தது.

முதல் ரோலில் மனைவியை எடுத்தார். படத்தைக் கையில் வாங்கியவள் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நீதான்."

"நான் எங்க இருக்கேன்?"

"அதோ, இடது கண் இமை. எவ்வளவு கூர்மையா இருக்கு பாரு!"

"அப்ப மிச்சமெல்லாம்?"

"காது, தலைமுடி எல்லாம் பின்னணி."

"மூக்கும் பின்னணியா?"

"மூக்கு முன்னணி. அதுவும் மங்கல்தான்."

"இமையை மட்டும் வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க," என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கலைஞனை முதலில் புரிந்துகொள்ளாதது வீடுதான் என்று வட்டத்தில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவரவர் வீட்டிலும் அதே கதைதான்.

ஆனால் வாரியம் புரிந்துகொண்டது. மேல்மாடி வீடு ஒன்றில் கூரை ஒழுகியது. முழுத்திறப்பார் போய், பல்பின் நுனியில் தொங்கிய ஒரே ஒரு சொட்டைக் கட்டத்துக்குள் ஒன்றாகச் சேர்த்து எடுத்து வந்தார். கூட்டத்தில் தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க இது, முத்தா?"

"ஒழுகல் சார்."

"இவ்வளவு அழகாவா ஒழுகுது?"

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கூரை எங்க?"

"கரைஞ்சிருக்கு சார்."

"ஐயய்யோ, கரைஞ்சே போச்சா?"

"படத்துல மட்டும் சார்."

தலைவர் மேசையைத் தட்டினார். "படத்துல கூரையே இல்ல. இல்லாத கூரைக்கு எதைப் போட்டுப் பூசறது? எழுதிக்குங்க: 'கூரையில் குறைபாடு எதுவும் தெளிவாகப் புலப்படவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.'"

அந்த ஒரு சொட்டில் வாரியத்தின் பொற்காலம் தொடங்கியது. சாய்ந்த மதிலைக் கேட்டால் மதில்மேல் பூனையின் மீசை வந்தது. உடைந்த படிக்கட்டைக் கேட்டால் கைப்பிடியின் ஒரு திருகாணி வந்தது. புகார்கள் எப்போதும்போல் வந்துகொண்டுதான் இருந்தன. பழுதுதான் எங்கும் காணோம். "அவசரம்" என்று கொட்டை எழுத்தில் வந்த புகார்கள்கூட ரோல் முடியும்வரை கேமராவுக்குள் பொறுமையாக உட்கார்ந்திருந்தன. தலைவர் அந்த ஆண்டைப் "பழுதில்லா ஆண்டு" என்று அறிவித்தார். முழுத்திறப்பாருக்குத் துணை இயக்குநர் பதவி வரப்போவதாக அலுவலகம் முழுக்கப் பேச்சு. காப்பி கொண்டுவருபவர்கூட முதல் கோப்பையை அவர் மேசையில் வைக்க ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில்தான் அக்கா போன் செய்தாள்.

அக்கா தையற்காரி. வாரியத்தின் அடுக்கு வீடு ஒன்றில் ஒற்றை அறைக் குடித்தனம். முழுத்திறப்பார் உத்தியோகத்துக்குப் போட்டுக்கொண்டு போன முதல் சட்டை அவள் தைத்தது. இன்றைக்குப் போட்டிருப்பதும் அவள் தைத்ததுதான். தம்பியின் தோள் அளவு அவளுக்கு டேப் இல்லாமலே தெரியும்.

"டேய், சுவர்ல விரிசல் விட்டிருக்குடா."

"எவ்வளவு பெருசு?"

"முதல்ல ஊசி போச்சு. அப்புறம் சாக்பீஸ் போச்சு. இன்னைக்குக் காலையில கத்தரிக்கோல் போச்சு."

"போயி?"

"போயே போச்சு. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக் குடுத்தா."

முழுத்திறப்பார் காதை மாற்றி வைத்துக்கொண்டார்.

"எத்தனை தடவைடா புகார் எழுதறது? 'படம் வேணும், படம் வேணும்'ங்கிறாங்க. படம் எடுக்கிறவன் என் கூடப்பிறந்தவன். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும், சொல்லு? உங்க அத்தான் அந்தச் சுவரோரமாத்தான் படுக்கிறாரு. எனக்குப் பக்குனு இருக்குடா."

கிளம்புகிற நேரத்தில் தலைவர் கூப்பிட்டார். எந்த அடுக்குக்குப் போகிறார் என்று தெரிந்துகொண்டு கதவைச் சாத்தினார்.

"அந்த அடுக்குல ஒரு சுவத்தைத் தொட்டா முழு அடுக்கையும் காலி பண்ணணும்னு பொறியாளர் சொல்றாரு. அத்தனை குடும்பத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? நம்ம பழுதில்லா ஆண்டு என்ன ஆகிறது? உங்க பதவிக் கோப்பு வேற என் மேசையிலதான் இருக்கு." தலைவர் அன்பாகச் சிரித்தார். "உங்க பாணியிலயே எடுத்துட்டு வாங்க."

அறைக்குள் நுழைந்தபோது அத்தான் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இரவுக் காவல் வேலை, பகலெல்லாம் தூக்கம். கட்டிலுக்கு மேலே உச்சியிலிருந்து தரை வரைக்கும் விரிசல். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"கட்டிலை நகத்திப் போடக்கூடாதாக்கா?"

"எங்கடா நகத்தறது? இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் அடுப்பு. வேணும்னா உங்க அத்தானை நிக்க வச்சுத் தூங்க வைக்கலாம்."

முழுத்திறப்பார் கேமராவின் ஜன்னலில் கண்ணை வைத்தார். சுண்ணாம்பு உதிர்வது தெரிந்தது. விரிசல் வழியாகப் பக்கத்து வீட்டு விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக வருவதும் தெரிந்தது. அடியில் படுத்திருந்த அத்தானின் கட்டைவிரல் நகம் வரைக்கும் தெரிந்தது. திறப்பைப் பதினொன்றுக்குச் சுருக்கி, கேமராவை எதன்மேலாவது அசையாமல் வைத்து எடுத்தால் போதும். அத்தனையும் அப்படியே படத்தில் வந்துவிடும். வாரியம் வாயைத் திறக்க முடியாது. அவர் விரல் வளையத்துக்குப் போனது. நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிள்ளினார். ஓரம் கொஞ்சம் எழும்பியது.

அப்போது தலைவரின் மேசையும் அதன்மேல் இருந்த கோப்பும் நினைவுக்கு வந்தன. டேப்பைக் கட்டைவிரலால் பழையபடி அழுத்தித் தேய்த்தார். கலை வென்றது.

"என்னடா, மெஷினைப் பாத்துக்கிட்டு நிக்கிற? சுவத்தை எடு."

"சுவரும் வரும்க்கா, பின்னணியில."

"இடிஞ்சு விழப்போறது பின்னணியாடா?"

"கலையில அப்படித்தான்க்கா."

"அப்ப முன்னால என்ன?"

"உன் மெஷின் ஊசி."

"ஊசி நல்லாத்தானேடா இருக்கு!"

அவர் லென்ஸைத் திருகினார். ஊசியின் இரண்டு உருவமும் ஒன்றானது. பொத்தானை அழுத்தினார்.

"சரி, உனக்குத் தெரியாததா," என்றாள் அக்கா. அவளுக்குத் தம்பிமேல் அவ்வளவு நம்பிக்கை. "விரிசல் உனக்கு நல்லாத் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுதுக்கா."

"அது போதும்."

கூட்டத்தில் படம் சுற்றி வந்தது. ஊசிமுனை மின்னியது. அதன் பின்னால் பாலில் நனைத்த பஞ்சுபோல ஒரு வெண்மை. வெண்மையின் நடுவே மெல்லிய இருட்டு ஒன்று மேலிருந்து கீழே வழிந்தது.

"இந்தக் கோடு?" என்றார் தலைவர்.

"பின்னணி சார்."

பொறியாளர் மூக்கு படும்படி குனிந்தார். "விரிசல் மாதிரி இருக்கே..."

"மாதிரியா? மாதிரிக்கெல்லாம் வாரியம் சிமெண்ட் குடுக்க முடியுமா? நிழல் மாதிரியும்தான் இருக்கு."

"நிழலாவும் இருக்கலாம்," என்று பொறியாளர் நிமிர்ந்தார். அவருக்கும் ஓய்வு பெற அதிக காலம் இல்லை.

கோப்பு முடிந்தது. படம் முடியவில்லை. வாரியத்தின் நாட்காட்டிக்கு அதையே அட்டையாகப் போட்டார்கள். அடியில் "உழைப்பின் கூர்மை" என்று அச்சடித்து, குடியிருப்போர் அனைவருக்கும் இலவசமாக அனுப்பினார்கள். அக்கா வீட்டுக்கும் ஒன்று வந்தது. தம்பி எடுத்த படமாயிற்றே! எங்கே மாட்டலாம் என்று பார்த்தாள். ஆணி அடிக்காமலே மாட்ட வசதியாக இருந்தது விரிசல்தான். அதிலேயே ஒரு குச்சியைச் செருகி மாட்டிவிட்டாள்.

"எப்படா பூச வருவாங்க?" என்று போனில் கேட்பாள்.

"கோப்பு நகருதுக்கா."

"சுவரும் நகருதுடா. எது முன்னாடி வரும்னு பாப்போம்."

சுவர்தான் முன்னால் வந்தது. ஒரு பகல் பொழுதில் தைத்த துணியைக் கொடுக்க அக்கா கீழே இறங்கியிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பி ஓடினால் அறை நிறையப் புழுதி. மெஷின் இரண்டாகக் கிடந்தது. கட்டிலின் பாதியைக் காணவில்லை. அத்தானைச் செங்கல்லுக்குள்ளிருந்து அக்கம்பக்கத்தார்தான் தோண்டி எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு முழுத்திறப்பார் ஓடினார். அத்தானின் ஒரு கால் கட்டுப்போட்டுத் தொங்கியது. இனிமேல் பழைய நடை வராது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"தூக்கத்துல ஏதோ சத்தம் கேட்டுது மச்சான். கனவுன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்தேன். நான் திரும்பிட்டேன், கால் திரும்பல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முழுத்திறப்பாருக்கு அழுகை வந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வாரியம் சும்மா இருக்குமா? உடனே விசாரணைக் குழு அமைத்தது. விவகாரம் முழுவதையும் அறிந்தவர் என்ற தகுதியில் தலைவரே குழுவுக்கும் தலைவரானார். பொறியாளர் உறுப்பினர். கூட்ட அறையில் ஒரு பக்கம் முழுத்திறப்பார், கழுத்தில் கேமரா. எதிரே அக்கா. வழக்கம்போல அவள் தோளில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது.

"நேரடியா ஒரு கேள்வி," என்றார் தலைவர். "படம் எடுத்தப்போ விரிசல் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

முழுத்திறப்பார் அக்காவைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். "கேமரா வழியாத்தான் பாத்தேன் சார். அதுல... மங்கலாத்தான் தெரிஞ்சுது."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவ்வளவுதான். ஆள்மேல குத்தமில்ல. கருவியோட சுபாவம்," என்று தலைவர் சாய்ந்துகொண்டார்.

"லென்ஸ் பெருசு இல்லீங்களா, அது ஜன்னல்ல ஒரு மூலையையே மறைக்குமாம். அந்த மூலையில விரிசல் இருந்திருக்கும்," என்று பொறியாளர் தம் பங்குக்குச் சேர்த்தார்.

"அந்தக் கேமராவைக் கொஞ்சம் குடுங்க," என்றாள் அக்கா.

முழுத்திறப்பாரின் கை கேமராவை இறுக்கிப் பிடித்தது. தலைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "குடுங்க, குடுங்க. மூடி போட்டுத்தானே இருக்கு. ஒண்ணும் தெரியாதும்மா."

அக்கா வாங்கினாள். ஊசியில் நூல் கோக்கிற கண். ஒன்றை மூடிக்கொண்டு ஜன்னலில் வைத்தாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மெதுவாகக் கேமராவை அறை முழுக்கத் திருப்பினாள்.

"ஒரு மூலையில பானை மாதிரி ஏதோ மறைக்குது. மத்ததெல்லாம் தெரியுதே! சுவத்துக் கடிகாரம் ஓடல. உங்க பேர்ப்பலகையில ஒரு எழுத்து உதிர்ந்திருக்கு. அதோ தம்பி எடுத்த நாட்காட்டி. சார், உங்க தலைக்கு நேர் மேல கூரையில விரிசல் ஓடுது."

தலைவர் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஓடத்தான் செய்தது.

"தம்பி முகமும் தெரியுது," என்றாள் அக்கா, கேமராவை இறக்காமல். "தலையைக் குனிஞ்சுக்கிட்டான்."

தலைவர் எழுந்து வந்து கேமராவைக் கையில் வாங்கினார். மூடியைத் தடவிப் பார்த்தார். ஜன்னலில் கண்ணை வைத்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"என்னங்க இது! மூடி போட்டிருந்தாலும் பாக்கிறவனுக்கு எல்லாம் பளிச்சுனு தெரியுது. ஆனா படத்துல விழாது?"

"ஜன்னல் தனி சார்," என்றார் முழுத்திறப்பார், தரையைப் பார்த்தபடி. "லென்ஸோட மங்கல் ஃபிலிம்ல மட்டும்தான் விழும். எடுக்கிறவனுக்கு எப்பவுமே எல்லாம் தெரியும்."

"நமக்கு எல்லாம் தெரியும், வெளியில எதுவும் தெரியாது. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அட, இதை ஏன்யா இத்தனை நாளா சொல்லல? நம்ம வாரியத்துக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே! எழுதிக்குங்க. அலுவலர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கேமரா. பயிற்சி குடுக்கிற பொறுப்பு இவருக்கு, துணை இயக்குநர் அந்தஸ்துல."

அன்றைய தீர்மானங்கள் மூன்று. சுவர் விழுந்தது இயற்கை. படம் எடுத்தவர் மாசற்றவர். கூட்ட அறையின் கூரையை உடனடியாகப் பூச வேண்டும். அதற்குப் படம் தேவையில்லை.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். முழுத்திறப்பார் கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினார். ஓடும்போதே டேப்பை நகத்தால் கிழித்தார். எத்தனையோ நாள் ஒட்டியிருந்த டேப்; பசையோடு பிய்ந்து விரலில் சுற்றிக்கொண்டது. தாழ்வாரத்தின் கடைசியில் அவளைப் பிடித்தார். வளையத்தைத் திருகிக் காட்டினார். அது கடகடவென்று பதினொன்றுக்கு வந்தது.

"அக்கா, நில்லுக்கா. இப்ப வரேன். இடிஞ்ச சுவத்தை எடுக்கறேன். ஒரு கல்லு விடாமத் தெரியும். யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. எங்க வேணும்னாலும் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம்க்கா."

"விழுந்த சுவரு போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியுதுடா. அதுக்கு எதுக்குப் படம்? விழறதுக்கு முன்னாடி காட்டத்தானே உன்னைக் கூப்பிட்டேன்."

ஓடி வந்ததில் அவர் சட்டைப் பொத்தான் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பழக்கத்தில் அவள் கை தோளில் இருந்த ஊசிக்குப் போனது. ஊசியைத் தொட்டது. பிறகு எடுக்காமலே இறங்கிவிட்டது.

"அக்கா, பேசுக்கா. நான் உன் தம்பிக்கா. என்னைப் பாரு."

அக்கா நின்று, திரும்பி, உச்சி முதல் உள்ளங்கால் வரை அவரை நன்றாகப் பார்த்தாள். நடுவில் கேமராவும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"பாக்கறேன்டா," என்றாள். "இப்பத்தான் நீ தெளிவாத் தெரியற."